பம்பர் வெடிப்பும் பைபர் படகு சொல்லும் பாடமும்

மன்னாரில் பம்பர் வெடிக்கக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இரவில் தலைமன்னார் வீதியின் நட்ட நடுவே அசையாமல் நிற்கும் கழுதைகளே போதும். மாடுகள், ஒழுங்கை முடக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்குற்றி, மணலில் புதைந்த வாகனத்தைப் பம்பரிலேயே கயிறு கட்டி இழுக்கும் அவசரம் என்று மற்றவை பின்னால் வரும். 2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் இங்கே ஓடிய வான்களும் கார்களும் வயதேறிப்போக, உதிரிப்பாகங்களின் விலையும் கைக்கெட்டாமல் போனது. வெடித்த பம்பரை வீட்டு முற்றத்தில் வைத்து ஒட்டிப் பார்ப்போம் என்று பலர் இறங்கியதில் வியப்பில்லை. பேசாலை, பள்ளிமுனை, வங்காலை என்று எந்தக் கரைக்குப் போனாலும் பைபர் படகுக்கு ஒட்டுப் போடத் தெரிந்த ஒருவர் இருப்பார். ரெசினும், மெட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பும் அங்கேயே கிடைக்கும்.

இந்த முயற்சியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இப்படி ஒட்டிய பம்பர்கள் பல, சில மாதங்களிலேயே அதே கோட்டில் மறுபடி வெடிக்கின்றன. அல்லது ஒட்டுத்துண்டு அப்படியே கழன்று கையோடு வருகிறது. ரெசின் சரியில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பழி போகிறது. பெரும்பாலும் பிழை ரெசினில் இல்லை. ஒன்று, அந்தப் பம்பர் பைபரே இல்லை. அல்லது, வெடிப்பை நிரப்பினார்களே தவிர, அறுந்த இழையை மறுபடி கட்டவில்லை.

முதலாவதை முதலில் பார்ப்போம். தொழிற்சாலையிலிருந்து வரும் இன்றைய கார்களின் பம்பர் உறை அநேகமாக பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது வளையும், நெளியும், சூடாக்கினால் உருகும். பைபர் எனப்படும் கண்ணாடி இழை பம்பர் இருப்பது வேறிடங்களில்: பஸ், லொறி முகப்புகளில், உள்ளூர்ப் பட்டறையில் அச்சு எடுத்து வார்த்த மாற்றுப் பம்பர்களில், அழகுக்காகப் பின்னர் பூட்டிய முன்கீழ் பட்டிகளில். பொலிபுரொப்பிலீன்மீது பொலியெஸ்டர் ரெசின் பிடிக்காது. எவ்வளவு தேய்த்தாலும், எத்தனை படை மெட் போட்டாலும், இறுகிய பின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தால் உரிந்து வந்துவிடும். கடலில் பத்து வருடம் நிற்கும் ஒட்டு காரில் பத்து நாள் நிற்காமல் போவது இதனால்தான்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. பம்பரைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் உட்புறமும் வழவழப்பாக இருக்கும். எங்காவது ஓரிடத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே பிபி, டிபிஓ, ஏபிஎஸ் போன்ற ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். பைபர் என்றால் உட்புறம் கரடுமுரடாக, இழைகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடப்பது கண்ணுக்கே தெரியும். இன்னும் ஐயம் இருந்தால் மறைவான ஓரத்தில் 80 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பாருங்கள். பைபர் நுண்ணிய வெள்ளைத் தூளாக உதிரும். பொலிபுரொப்பிலீன் தூளாகாது, பிசிறாகித் தாளில் அப்பும். பிசிறு வந்தால் ரெசின் டப்பாவை மூடிவிடுங்கள். அதற்கு வேறு வைத்தியம்: அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்டுவது, அல்லது சூடேற்றிய கம்பித் தையலை உட்புறத்தில் பதிப்பது. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உண்மையான கண்ணாடி இழை பம்பருக்கு மட்டும்.

கண்ணாடி இழையால் கார் உடல் செய்வது புதிய காரியம் அல்ல. அமெரிக்காவில் செவ்ரொலெ நிறுவனம் 1953இல் கோர்வெட் காரை அப்படித்தான் கட்டி வெளியிட்டது. எங்கள் பக்கத்தில் இந்தப் பொருள் கடல் வழியாகவே அறிமுகமானது. 1956இல் நோர்வேக்குப் போன யாழ்ப்பாணத்தவர் அன்ரனி ராஜேந்திரம், அந்நாட்டு நண்பர்களின் துணையோடு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் பைபர் படகுத் தளம் நடத்தியது. மரவள்ளமும் வத்தையும் ஓடிய வடபகுதிக் கரைகளில் இன்று வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுதான் கண்ணுக்கு நிறையத் தெரிகிறது. அந்தப் படகுகளைப் பாறையும் நங்கூரமும் உடைக்க உடைக்க, ஒட்டுப்போடும் அறிவு கரையிலேயே வளர்ந்தது. பம்பர் ஒட்டப் போகிறவர் அதைத்தான் முதலில் கேட்டுப் பழக வேண்டும்.

அந்த அறிவின் சாரம் இது: பைபரில் பலம் கண்ணாடியில் இருக்கிறது. ரெசின் இழைகளை அவற்றின் இடத்தில் பிடித்து வைத்து, சுமையை ஓர் இழையிலிருந்து மறு இழைக்குக் கடத்துகிறது. தனி ரெசின் இறுகினால் நொறுங்கும் பொருள். பம்பர் வெடித்தது என்றால் அந்தக் கோட்டில் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்தப் பிளவுக்குள் ரெசினை ஊற்றினாலும், மேலே கெட்டலோய் என்ற நிரப்புப் பட்டியைப் பூசி வழவழப்பாக்கினாலும், அறுந்த இழை அறுந்தபடியேதான் கிடக்கும். வர்ணம் பூசிய பிறகு பார்க்க நன்றாக இருக்கும். முதற் குலுக்கலில் பழைய கோடு திரும்பத் தெரியும். வலை பொத்துகிறவர் கிழிந்த ஓரத்தை அப்படியே முடிச்சுப் போடுவதில்லை. இற்றுப்போன கண்களை நல்ல நூல் வரும் வரை வெட்டிவிட்டுத்தான் புதிய கண்களைப் பின்னத் தொடங்குவார். பைபரிலும் அதே ஒழுங்குதான்.

ஆகவே வேலையின் பெரும்பகுதி ஒட்டுவதில் இல்லை, அராவுவதில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தாவிக் கடக்கும் இடம் இதுதான்.

அராவுவதற்கு முன் கழுவுதல். பம்பரின் உட்புறம் எங்கள் வீதிகளில் சேர்க்காத அழுக்கில்லை: உப்பு மண், எண்ணெய், தார், மெழுகு. முதலில் நன்னீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு அசிற்றோன் அல்லது நல்ல தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். இதைச் செய்யாமல் அராவினால், சாண்ட் பேப்பர் எண்ணெயைப் பொருளின் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கிவிடும். அதன் பிறகு எந்த ஒட்டும் பிடிக்காது. ஈரமும் அப்படித்தான். பொலியெஸ்டர் ரெசினுக்கு ஈரம் பகை. வெடிப்பின் உள்ளே இழைகள் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும்.

அடுத்து, வெடிப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனையாக இருப்பதில்லை. உட்புறத்தில் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். படைகள் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகும். வெண்மை படர்ந்த இடமும் இழை விட்டுப்போன இடந்தான். அந்த எல்லை வரை பென்சிலால் கோடிட்டு, வெடிப்பின் மெய்யான முனையில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால், அது மேற்கொண்டு ஓடாமல் நிற்கும்.

இரண்டு பக்கமும் பொருந்தும்படி வெளிப்புறத்தில் பம்பரைச் சேர்த்துப் பிடித்து, அகலமான ஒட்டுநாடாவாலோ, அலுமினியப் பட்டியும் சிறிய திருகாணிகளும் கொண்டோ அசையாமல் நிறுத்துங்கள். கோணல் இந்த இடத்தில் நுழைந்தால் கடைசிவரை போகாது. இப்போது உட்புறத்தை 40 அல்லது 60 இலக்கத் தாள் பூட்டிய கிரைண்டரால், அது இல்லாவிட்டால் மரக்கட்டையில் சுற்றிய தாளால், வெடிப்பை நோக்கிச் சரிவாக அராவ வேண்டும். வெடிப்புக் கோட்டில் பொருள் ஏறக்குறைய இல்லாமல் போய், வெளியே போகப் போக முழுத் தடிப்புக்கு வர வேண்டும். படகு வேலையில் தடிப்பின் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவு எடுப்பது நல்ல வழக்கம். 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீற்றர். ஏறக்குறைய இரண்டு விரல் அகலம்; உயிரைச் சுமக்காத பம்பருக்கு அது தாராளம். அராவும்போது நிறத்தைக் கவனியுங்கள். பழுதான படை வெள்ளையாக, பஞ்சு போல இழை விட்டு எழும். அது தீர்ந்து, இழைகள் ரெசினோடு சேர்ந்து ஒரே நிறமாக, மங்கலாகத் தெரியும்போது நல்ல பொருளுக்கு வந்துவிட்டீர்கள். பளபளப்பு ஒரு புள்ளியில்கூட மிஞ்சக் கூடாது. ஏற்கெனவே இறுகிய பொலியெஸ்டரோடு புதிய ரெசின் இரசாயன முறையில் சேர்வது மிகக் குறைவு. அராவிய கீறல்களில் இறங்கிப் பிடிப்பதுதான் அதன் பிடி. கீறல் இல்லாத இடத்தில் பிடியும் இல்லை.

இனி ரெசின். கரையில் கிடைப்பது அநேகமாகச் சாதாரண பொலியெஸ்டர். பம்பருக்கு அது தாராளம். எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்காமல் அரைக் கிலோ கலந்து வீணாக்குகிறவர்களைப் பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை. 30 சென்ரிமீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகல ஒட்டு என்று வையுங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மெட்டில் அந்த அளவுத் துண்டு 13 கிராமுக்குச் சற்று மேல். மெட்டின் நிறையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் அதை நனைக்கும். மூன்று படைக்கு மொத்தம் 100 கிராம் ரெசின் போதும். அந்த மூன்று படையும் இறுகினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். பழைய பம்பரின் தடிப்பும் அநேகமாக அவ்வளவுதான்.

ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர், அதன் நிறையில் 1 முதல் 2 வீதம். 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் என்றால், அளவில் ஒன்றரை மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. மருந்துக்கடையில் வாங்கும் ஊசியற்ற சிரிஞ்சால் அளந்து எடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். மன்னார் வெயிலில் 1 வீதமே நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் ரெசின் எத்தனை நாள் ஆனாலும் முழுதாக இறுகாது. சீக்கிரம் காயட்டும் என்று கூட்டி ஊற்றினால், சூடேறி, சுருங்கி, நொறுங்கும் ஒட்டு கிடைக்கும். ரெசினில், இறுகலைத் தூண்டும் கோபால்ட் முன்பே கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கலந்த ரெசின் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். கோபால்ட்டைத் தனியே கொடுத்தால், அதையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். வெடித்துத் தீப்பற்றும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கரைத்து நன்கு கலக்கிய பிறகே ஹார்ட்னர்.

மெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்த்தால் ஓரம் மெலிந்து, பக்கத்துப் பொருளோடு ஒத்துப்போகும். முதற் துண்டு சரிவின் அடியை மட்டும் மூடும் அளவுக்குச் சிறியது. அடுத்தடுத்தவை ஒவ்வொரு விரல் அகலம் பெரியவை. அராவிய இடத்தில் முதலில் வெறும் ரெசினைத் தூரிகையால் பூசி, அதன்மேல் மெட்டை வையுங்கள். தூரிகையை இழுக்க வேண்டாம். இழுத்தால் இழை கலைந்து தூரிகையோடு வரும். நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளையாக இருந்த மெட், ரெசின் இறங்க இறங்க நிறம் மறைந்து, அடியில் உள்ள பம்பர் தெரியும் அளவுக்குத் தெளிவாகும். எங்காவது வெள்ளைப் புள்ளி மிஞ்சியிருந்தால் அங்கே காற்று அடைந்திருக்கிறது. அது நாளைய வெடிப்பின் தொடக்கம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் குத்தி அதை வெளியேற்றுங்கள். கிண்ணத்தில் ரெசின் கூழாகத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், எவ்வளவு மிஞ்சினாலும். மூன்று படையையும் ஒரே இருப்பில், ஒன்று ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் அவை ஒரே உடலாகச் சேரும். மறுநாள் தொடர்ந்தால், முந்தைய படையை மறுபடி தேய்த்துவிட்டுத்தான்.

ஒரு சிலர் எப்போக்சி நல்லது என்று கேட்டு வாங்குகிறார்கள். பிடிப்பில் அது மேலானது, உண்மை. ஆனால் சாதாரண மெட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எப்போக்சியில் ஸ்டைரீன் இல்லை. எப்போக்சி என்றால் நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள்.

எங்கள் காற்றைப் பற்றி ஒரு சொல். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் இந்த வேலை ஆகாது. காற்று ஸ்டைரீனை இழுத்துக்கொண்டு போகும், மேற்பரப்பு சரியாக இறுகாது. மணலும் வந்து ஒட்டும். வாடைக்கால மழை நாட்களில் ஈரத்தால் கெடும். நடு வெயிலில் கலந்த ரெசின் கைக்கு வருமுன் கட்டியாகும். காற்று நேராக அடிக்காத, ஆனால் புகை தங்காத நிழலில், காலையிலோ பின்னேரத்திலோ செய்வது உத்தமம். மேற்பரப்பு பிசுபிசுப்பாக நின்றால் பதற வேண்டாம். காற்றுப் படும் பொலியெஸ்டரின் இயல்பு அது. மெல்லிய பொலித்தீன் தாளை மேலே ஒட்டி மூடினால் இறுகிவிடும்.

ஆபத்துகளை நான் கடைசிக் குறிப்பாகத் தள்ள மாட்டேன், ஏனென்றால் எங்கள் கரைகளில் வெறுங்கையோடும் வெறும் முகத்தோடும் இந்த வேலை செய்யும் பொடியன்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஸ்டைரீன் ஆவி சுமார் 31 பாகை செல்சியஸிலேயே பொறி பட்டால் பற்றக்கூடியது. மன்னார்ப் பகலின் சாதாரண வெப்பம் அதைத் தாண்டும். பீடி, அடுப்பு, பொறி பறக்கும் கிரைண்டர் எதுவும் பக்கத்தில் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனப் பெரிதும் கருதப்படும் பொருட்களின் வரிசைக்கு உயர்த்தியது. ஒரு பம்பர் ஒட்டுகிறவரைவிட, நாள் முழுக்க வாடியில் படகு ஒட்டுகிறவருக்கே இது பெரிய விடயம். துணி முகக்கவசம் கண்ணாடித் தூளையே சரியாகத் தடுக்காது. ஆவிக்கு அது ஒன்றுமே இல்லை. தூளுக்கு என்95 வகை, ஆவிக்குக் கரி வடிகட்டி பூட்டிய கவசம் என்று இரண்டும் வேறு வேறு. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் போத்தலைத் திறக்க வேண்டாம். பட்டுவிட்டால் கால் மணித்தியாலம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்கு ஆயத்தமாகுங்கள். மிஞ்சிய கலவையைக் கிண்ணத்தில் திரளாக விட்டால் தானே கொதித்துப் புகையும். மணலில் பரப்பி இறுகவிட்டு, பிறகு அள்ளி எடுங்கள். அராவிய தூளைக் கடலோரம் தட்டிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கீழே ஒரு படங்கை விரித்து அதில் சேர்த்துக் கட்டிவிட எவ்வளவு நேரமாகும்? நாம் பிடித்து உண்ணும் மீன் மேயும் நீர் அது.

வெளிப்புற வேலை சுருக்கமானது. உட்புறம் ஒரு நாள் இறுகிய பிறகு வெளிக்கோட்டை ஆழமற்ற சரிவாக அராவி, மெல்லிய மெட் துண்டொன்றோ, இழை கலந்த பட்டியோ வைத்து நிரப்புங்கள். கெட்டலோய் மேற்பரப்பைச் சமப்படுத்த மட்டும், 2 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். பட்டி நீரை உறிஞ்சும் பொருள். வர்ணத்துக்கு முந்திய பிரைமர் பூசாமல் உப்புக்காற்றில் நாட்கணக்கில் விட்டால் பின்னர் கொப்பளம் எழும். 120, 220, 400 என்று தாளை மாற்றித் தேய்த்துப் பிரைமர் அடித்தால் மீதி வர்ணக்காரர் கையில்.

எல்லா வெடிப்பையும் வீட்டில் ஒட்டலாம் என்று நான் சொல்லவில்லை. கார்களில் வெளியே தெரியும் உறைக்குப் பின்னால், மோதலின் விசையைத் தாங்கும் உருக்கு அல்லது அலுமினியக் கட்டை இருக்கிறது. சில வாகனங்களில் அதுவும் கண்ணாடி இழை கலந்த கலவையாலானது. அது வளைந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம், மாற்ற வேண்டும். பம்பருக்குப் பின்னால் ராடார் உணரி உள்ள புதிய வாகனங்களில், அதன் முன்னே தடித்த ஒட்டும் பட்டியும் சேர்ந்தால் உணரி பிழையாகப் படிக்கும். அந்த இடத்தில் வெடிப்பு என்றால் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

திரும்பப் பூட்டும்போது போல்ட் துளைகளைப் பாருங்கள். பைபர் பம்பரில் வெடிப்பு பலமுறை அங்கிருந்துதான் கிளம்புகிறது. துருப்பிடித்த சிறிய வொஷரோடு இறுக்கி முறுக்கியதன் விளைவு. துளையைச் சுற்றி உட்புறத்தில் கூடுதலாக இரண்டு படை மெட் போட்டு, அகலமான துருப்பிடிக்காத வொஷரும் அதனடியில் ஒரு ரப்பர் வளையமும் வைத்து, பம்பர் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இழுக்க வேண்டி வந்தால் கயிற்றை வாகனத்தின் அடிச்சட்டத்தில் உள்ள கொளுக்கியில் கட்டுங்கள்.